உயிர் காக்கக் கடனா? பருவநிலைப் பணத்தில் நம் பங்கு எங்கே?



பத்திரிகையைப் புரட்டினால் 'பருவநிலை நிதி' என்ற சொல் கண்ணில் படாத நாளில்லை. உலக வங்கி இத்தனை கோடி கொடுத்தது, ஆசிய வங்கி இத்தனை கோடி கொடுக்கப் போகிறது, நபார்டு வங்கி புதிய திட்டம் தீட்டுகிறது என்று செய்தி வந்தபடி இருக்கிறது. இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், கொழுந்து கிள்ளுகிறவளுக்கும் செங்கல் சுமக்கிறவனுக்கும் இதில் என்ன வேலை என்று நம்மில் பலர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அப்படித் திருப்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். வெள்ளத்தில் போகிறவர்கள், மண்ணில் புதைகிறவர்கள், வெயிலில் சுருண்டு விழுகிறவர்கள் ஆகிய நம்மைக் காட்டித்தான் அந்தப் பணம் கேட்கப்படுகிறது. நம் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் யார் கையில் சேர்ந்தது என்று கேட்கும் உரிமை நமக்கில்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

இது யார் வீட்டுப் பணம்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இது தருமம் அல்ல, நட்டஈடு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் குவித்தவை மேலைநாடுகள். அந்தப் புகை வானத்தில் தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. மழை பெய்ய வேண்டிய மாதத்தில் பொய்க்கிறது. பெய்தால் ஒரு மாத மழை ஒரே இரவில் கொட்டுகிறது. புகை போட்டவன் எங்கோ இருக்கிறான், மண் சரிவது நம் லயத்தின் மேல்.

இந்தக் கணக்கைத் தீர்ப்பதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில் வாக்குக் கொடுத்தன. 2020ஆம் ஆண்டுக்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய சொந்தக் கணக்கின்படியே அந்தத் தொகை எட்டப்பட்டது 2022இல்தான். அதிலும் அரசுகள் மூலமாகவும் அரசு வங்கிகள் மூலமாகவும் வந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கடன். 2024இல் பாக்கு நகரில் கூடிய மாநாடு, 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய இலக்கு வைத்தது. இது போதாது என்று இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எழுந்து எதிர்த்தார். வீட்டுக்குத் தீ வைத்தவனே அணைக்கத் தண்ணீரைக் கடனாகக் கொடுத்து, வட்டியும் கேட்டால் அதை உதவி என்று ஊரில் யாராவது சொல்வார்களா?

வங்கிக்கு இதில் என்ன ஆதாயம்?

அரசாங்கங்கள் தனியாகவோ சேர்ந்தோ நடத்தும் இத்தகைய வங்கிகளை வளர்ச்சி வங்கிகள் என்கிறார்கள். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, நம் நாட்டில் 1982இல் தொடங்கிய நபார்டு ஆகியவை இந்த வகை. பருவநிலைப் பணம் இவற்றின் கை வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. 2012இல் நபார்டு, ஐ.நா.வின் பருவநிலை ஒப்பந்தத்தை ஒட்டி அமைந்த தகவமைப்பு நிதியத்தின் இந்திய முகவராக ஏற்கப்பட்டது. 2015இல் பசுமைப் பருவநிலை நிதியமும் அதை அங்கீகரித்தது. அதே ஆண்டு நம் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தகவமைப்பு நிதியையும் நபார்டு கையில்தான் ஒப்படைத்தார்கள்.

இதில் வங்கிக்கு ஆதாயம் உண்டு. குறைந்த வட்டியில், சில சமயம் வட்டியே இல்லாமல், பணம் கிடைக்கிறது. திட்டத்தை நடத்திக் கொடுப்பதற்குக் கட்டணம் உண்டு. தகவமைப்பு நிதியத்தின் விதிப்படி, ஒரு நாட்டில் நடக்கும் திட்டத்துக்கு அது 8.5 சதவீதம் வரை போகலாம். நல்ல பெயர் கிடைப்பதால் சந்தையில் பத்திரம் விற்றுப் பணம் திரட்டுவதும் எளிதாகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலான ஆதாயம் ஒன்று உண்டு. வெள்ளமும் வறட்சியும் கடன் வாங்கியவனை அழித்தால் வங்கியின் கடனும் சேர்ந்துதான் அழிகிறது. அவன் பிழைத்துக் கிடந்தால்தான் தவணை வரும். ஏழையைக் காப்பது வங்கிக்குத் தன் முதலைக் காப்பதும் ஆகும்.

வங்கி லாபம் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. லாபம் பார்க்கிறவன் சரக்கை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்கிறோம். ரயில்வே சரக்கு ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அனுப்புநர் பெயர் இருந்து பெறுநர் பெயர் இல்லாவிட்டால் எவ்வளவு விலையுள்ள பார்சலும் கிடங்கிலேயே கிடக்கும். இல்லையென்றால் கைக்கு எட்டினவன் எடுத்துப் போவான். பருவநிலைப் பணத்தின் சீட்டில் அனுப்புநர் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது. பெறுநர் இடத்தில் நம் பெயர் இல்லை. ஏன் இல்லை? நம்மிடம் பட்டா இல்லை. வங்கியும் அரசும் நிலம் வைத்திருப்பவனை, தோட்டம் வைத்திருப்பவனை, மாடு வைத்திருப்பவனை எண்ணுகின்றன. உழைப்பை மட்டும் வைத்திருப்பவன் எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறான்.

பெட்டிமுடி சொன்ன பாடம்

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு இடுக்கி மாவட்டத்தில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்தில் வேர் கொண்ட நம் தமிழ்க் குடும்பத்தார். சிலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த நாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். விமானத்தில் போகிறவன் உயிருக்கு ஒரு விலை, லயத்தில் உறங்குகிறவன் உயிருக்குப் பாதி விலையா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அந்தக் கேள்வி இன்னும் நிற்கிறது.

லயம் தொழிலாளிக்குச் சொந்தமல்ல. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக வைத்தது. ஆனால் அது வேலையோடு கட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம் தன் பெயரில் இல்லை. பேரிடர் வந்தால் சேதக் கணக்கில் அவன் எழுதிக் கொடுக்க என்ன இருக்கிறது? பானை சட்டியைத்தான் எழுத முடியும்.

மலையை விட்டுச் சமவெளிக்கு வருவோம். நம் கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி வட்டாரம் கேரளத்தில் இருந்தும் கேரளத்து மழை காணாத பூமி. 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தின்படி சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். மழை குறைந்த ஆண்டில் அந்தத் தண்ணீருக்கே இழுபறி. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழில்துறை உத்தரவு போடுகிறது. நல்ல உத்தரவு. ஆனால் தினக்கூலிக்கும் காண்டிராக்ட் வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த மூன்று மணி நேரத்துக் கூலியை யார் கொடுப்பது?

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பாலக்காட்டையும் உள்ளடக்கிய மலபார் மில்மா 2023இல் கறவை மாடுகளுக்கு வெயில் காப்பீடு கொண்டுவந்தது. வெப்பம் குறித்த அளவைத் தாண்டிச் சில நாள் தொடர்ந்தால், பால் குறைந்ததற்கு ஈடாக மாட்டுக்காரருக்குப் பணம் வரும். இதை நாம் வரவேற்கிறோம். மாடு வைத்துப் பிழைக்கிற நம் குடும்பங்களும் உண்டு. ஆனால் அதே வெயிலில் அந்த மாட்டுக்குப் புல் அறுக்கிற கூலிக்காரிக்கு என்ன காப்பீடு இருக்கிறது?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். குஜராத்தில் தொடங்கிய சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2024 கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது, காப்பீட்டில் சேர்ந்திருந்த 46,000க்கு மேற்பட்ட பெண்களுக்கு நேரடியாகப் பணம் கிடைத்தது. ஆளுக்கு ஏறக்குறைய 400 ரூபாய், பெரிய தொகையல்ல. ஆனால் வெயிலால் இழந்த கூலியும் இழப்புத்தான் என்று ஏட்டில் எழுதப்பட்டதே, அது பெரிய காரியம்.

கேரளத்துக்கு வந்த கடன்கள்

2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளத்துக்கு உலக வங்கியின் கடன்கள் தொடர்ந்து வந்தன. 2019இல் 25 கோடி டாலர், 2021இல் 12.5 கோடி டாலர், 2023இல் மேலும் 15 கோடி டாலர். 2024 அக்டோபரில், பருவநிலையைத் தாங்கும் விவசாயத்துக்கென்று 20 கோடி டாலர். கடைசியாகச் சொன்ன இந்தத் திட்டத்தின் பயிர்களில் ஏலமும் காப்பியும் உண்டு. பயன்பெறுவோர் நான்கு லட்சம் உழவர்கள் என்று அறிவித்தார்கள். உழவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் 2024 கோடையில் இடுக்கி மலையில் ஏலச்செடிகள் காய்ந்து கருகியபோது, கம்பத்திலும் போடியிலும் இருந்து விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கி ஏறி மலைக்குப் போகிற பெண்களுக்கும்தான் வேலை போயிற்று. கருகிய செடிக்குக் கணக்கெடுத்தார்கள். கருகிய வேலைநாளுக்குக் கணக்கெடுத்த அதிகாரி யார்?

இந்தக் கடன்களை யார் அடைக்கிறார்கள்? அரசு அடைக்கிறது என்றால் நாம் அடைக்கிறோம் என்று பொருள். நாம் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் இருக்கிறது அந்த வரி. அடைப்பதில் பங்கு உண்டென்றால் பெறுவதிலும் பங்கு வேண்டும்.

வயநாட்டைப் பாருங்கள். 2024 ஜூலை 30ஆம் தேதி முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அழிந்தன. கேரளம் கேட்டது உதவித்தொகை. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு கொடுத்தது 529.50 கோடி ரூபாய்க் கடன். ஐம்பது ஆண்டில் திருப்பலாம், வட்டி இல்லை, ஆனாலும் கடன் கடன்தான். பிணம் எடுத்த வீட்டுக்குக் கடன் சீட்டு! அங்கே இன்னொன்றும் நடந்தது. உயிர் தப்பியவர்களுக்கு அரசு போட்ட 10,000 ரூபாய் நிவாரணத்திலிருந்து பழைய கடன் தவணையை ஒரு கிராமிய வங்கி பிடித்துக் கொண்டது. மக்கள் திரண்டு எதிர்த்த பிறகே பணம் திரும்பியது. அதே வேளையில் கூட்டுறவுத் துறையிலுள்ள கேரள வங்கி, இறந்தவர்களும் வீடிழந்தவர்களும் வாங்கியிருந்த கடனைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. ஒரே ஊரில், ஒரே துயரத்தில், இரண்டு வங்கிகள் இரண்டு விதமாக நடந்தன. ஆகவே வங்கி என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது பொய். எப்படி இருக்க வேண்டும் என்று மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள்.

நம் அளவுகோல்

வெளிநாட்டு வங்கிக் கடனே வேண்டாம், அது கழுத்துக்குச் சுருக்கு என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் நாம் வேண்டாம் என்று விலகி நின்றால் கடன் நின்றுவிடப் போவதில்லை. வரும், தோட்டக்காரனும் காண்டிராக்டரும் பங்கு போட்டுக் கொள்வார்கள், அடைப்பது மட்டும் நாமாக இருப்போம். எனவே ஓர் அளவுகோலை முன்வைக்கிறோம். உயிரைக் காக்கும் காரியத்துக்குக் கடன் கூடாது, மானியம்தான் வேண்டும். பிழைப்பை வளர்க்கும் காரியத்துக்குக் கடன் வரட்டும்.

சரிவு மண்டலத்திலுள்ள லயத்தை மாற்றிக் கட்டுவது உயிர் காக்கும் காரியம். குடிநீர் அப்படியே. வெயில்நாள் கூலிக் காப்பீட்டின் பிரிமியமும் அப்படியே. இவற்றுக்குப் பசுமை நிதியம் போன்றவை தரும் மானியத்தை நபார்டு கொண்டுவர வேண்டும். இதற்கு முன்மாதிரி உண்டு. ஒடிசாவின் பழங்குடிப் பகுதிகளில் குளங்கள் வழியாக நிலத்தடி நீரைப் பெருக்கும் திட்டத்துக்குப் பசுமை நிதியம் 2017இல் 3.4 கோடி டாலர் மானியம் தந்தது; அதைக் கொண்டுவந்தது நபார்டுதான். நிலத்தடி நீர் வற்றிப்போன சித்தூர் வட்டாரத்துக்கு ஏன் அப்படி ஒரு திட்டம் வரக்கூடாது?

சொட்டு நீர்க் குழாய், சூரிய பம்பு, கறவை மாடு, சிறு தொழில் இவற்றுக்குக் கடன் தரலாம். பட்டா இல்லாதவனுக்கு எப்படித் தருவது என்று மேனேஜர் கேட்பார். அதற்கு விடை நபார்டின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1992இல் சுயஉதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கியது அதே நபார்டு. ஈடு இல்லை, பத்திரம் இல்லை. பத்துப் பதினைந்து பெண்களின் நாணயமே ஈடு. இன்று அது நாடு முழுவதும் லட்சக்கணக்கான குழுக்களாக விரிந்து நிற்கிறது. ஏழைப் பெண் வாங்கினால் திருப்புவாள் என்பது வங்கி கண்டுகொண்ட லாபம். அந்த அனுபவத்தைப் பருவநிலைப் பணத்துக்கும் கொண்டுவரட்டும்.

அட்டப்பாடியை மறக்க வேண்டாம்

நம் பாலக்காடு மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. காடழிந்து வறண்ட அட்டப்பாடியை மீட்க 1996இல் ஜப்பானின் கடனுதவியோடு 219 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. மரம் நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள், ஆதிவாசிகளுக்கு வீடு எழுந்தது, கொடுங்கரைப்பள்ளம் ஓடையில் மீண்டும் தண்ணீர் ஓடியது. ஊர்க் குழுக்களே வேலையை எடுத்துச் செய்தது அதன் சிறப்பு. ஆனால் திட்டக் காலம் முடிந்து பணம் நின்றதும் அமைப்பு தளர்ந்தது. 2013இல் அதே அட்டப்பாடியில் குழந்தைகள் ஊட்டமின்றி இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. ஓடைக்குத் தண்ணீர் வந்தது, தொட்டிலுக்குப் பால் வரவில்லை. பணம் வருவது மட்டும் போதாது. அது போன பிறகு எதை யார் நடத்துவது என்பதையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

நாம் கேட்பது என்ன?

முதலாவது கோரிக்கை: 2021இல் உலக வங்கி கேரளத்துக்குக் கொடுத்த கடன் 'பலனைக் காட்டினால் பணம்' என்ற முறையில் அமைந்தது. குறித்த வேலை முடிந்ததாகச் சரிபார்த்த பிறகே தவணை இறங்கும். இனி வரும் கடன்களில் அந்தப் பலன்களின் பட்டியலில், சரிவு மண்டலத்திலிருந்து எத்தனை லயங்கள் பத்திரமான இடத்துக்கு மாறின, எத்தனை தொழிலாளர் பெயரில் பட்டா ஏறியது என்பதும் ஒரு பலனாக எழுதப்பட வேண்டும். லயம் மாறாமல் டாலர் இறங்கக் கூடாது.

இரண்டாவது: வெயிலாலும் மழையாலும் இழக்கும் வேலைநாளுக்குக் காப்பீடு. பிரிமியத்தைத் தொழிலாளி தலையில் கட்டாமல் பருவநிலை நிதியிலிருந்து கட்ட வேண்டும். எல்லை தாண்டி வந்து வேலை செய்கிறவரும் அதில் சேர வேண்டும்.

மூன்றாவது: கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பஞ்சாயத்துகளின் ஏரி குளங்களைத் தூர் வாரி நீர் பிடிக்கும் திட்டம். அந்த வேலை யந்திரத்துக்குப் போகாமல் உள்ளூர்க் கைகளுக்குக் கூலியாக வர வேண்டும்.

நான்காவது: திட்டத்தின் ஆவணங்கள், பயனாளிப் பட்டியல், புகார் மனு எல்லாம் தமிழிலும் இருக்க வேண்டும். படிக்க முடியாத காகிதத்தில் எழுதிய உரிமை நமக்குப் பயன்படாது.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. நர்மதை அணைக்கு 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. குடிபெயர்க்கப்பட்ட மக்கள் விடாமல் போராடினார்கள். வங்கியே தனிக்குழு போட்டு விசாரிக்க வேண்டியதாயிற்று. 1993இல் அந்தக் கடன் நின்றது. அணை பிறகு எழுந்தது உண்மைதான். ஆனால் அந்தப் போராட்டத்தின் சூட்டில்தான் அதே 1993இல் உலக வங்கிக்குள் ஒரு விசாரணைக் குழு நிரந்தரமாக அமைந்தது. திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் இருவர் சேர்ந்தால் போதும், அதனிடம் முறையிடலாம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை, தமிழிலும் எழுதலாம்.

ஆகவே ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வெயிலால் வேலை நின்ற நாள், மழையால் கூலி போன நாள், விரிசல் விட்ட சுவர், லயத்தின் பின்னால் சரிந்த மண் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். மாதம் ஒரு முறை அந்தப் புத்தகம் சங்கத்துக்கு வரட்டும். பஞ்சாயத்திலும் வங்கியிலும் கலெக்டர் ஆபீசிலும் கணக்கோடு போய் நிற்பவனை வெறுங்கையோடு திருப்புவது கடினம். நாமே எழுதி எடுத்துப் போனால்தான் பெறுநர் இடத்தில் நம் பெயர் ஏறும்.